ஒருநாள் எரியும், ஒருநாள் எரியாது: பழைய மோட்டார் சைக்கிளின் இண்டிகேட்டர் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி

முழுசாகச் செத்துப்போன இண்டிகேட்டரைச் சரிசெய்வது சுலபம். கரண்ட் எங்கே நிற்கிறது என்று டெஸ்ட் லாம்பை (இரண்டு வயர் பூட்டிய சோதனைப் பல்ப்) வைத்துப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். படுத்தி எடுப்பது சில நேரம் எரிந்து, சில நேரம் எரியாமல் போகும் இண்டிகேட்டர்தான். வண்டியை நிறுத்திப் பார்த்தால் நான்கும் அழகாக மின்னும். சாலையில் திரும்பும்போது சத்தமில்லாமல் நின்றுபோகும். சுவிட்சைத் தள்ளிவிட்டோம், பின்னால் வருபவர் பார்த்திருப்பார் என்று நம்பித் திரும்புவீர்கள். அவர் கண்ணுக்கு எதுவுமே தெரிந்திருக்காது. அதனால் இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிப்போடாதீர்கள். பழுது தீரும் வரை கையைக் காட்டித்தான் திரும்ப வேண்டும்.

இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்கள் முதலில் செய்வது, இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் பிளாஷர் என்ற சிறு பாகத்தைப் புதிதாக வாங்கி மாட்டுவது. மாட்டியதும் இண்டிகேட்டர் எரியவும் செய்யும். காரணம் பெரும்பாலும் புது பிளாஷர் இல்லை. பழையதைக் கழற்றும்போது பக்கத்து வயர்களும் கனெக்டரும் அசைந்து, விட்டுப்போயிருந்த தொடர்பு தற்காலிகமாகக் கிடைத்திருக்கும். அடுத்த மழைக்குப் பழைய கதை திரும்ப வரும். வந்து வந்து போகும் பழுது பெரும்பாலும் பாகத்துக்குள் இருக்காது. இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் இருக்கும். பல்பின் அடிப்பகுதி, ஹோல்டர், எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் தொடர்பு), கனெக்டர், சுவிட்சின் உள்தகடு இவைதான் வழக்கமான குற்றவாளிகள். ஆகவே பழுது உங்கள் கண்முன் நடக்கும் வரை எதையும் வாங்காதீர்கள். அதை எப்படி வரவழைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கரண்ட் போகும் பாதை

பேட்டரியின் பாசிட்டிவில் புறப்படும் கரண்ட் மெயின் ஃபியூஸைக் கடந்து இக்னிஷன் சுவிட்சுக்கு வரும். சாவியைத் திருப்பினால் அங்கிருந்து பிளாஷருக்குப் போகும். பிளாஷரிலிருந்து ஹேண்டில்பார் சுவிட்ச். அது இடம், வலம் என்று பிரித்து முன் பல்புக்கும் பின் பல்புக்கும் அனுப்பும். பல்பைக் கடந்த கரண்ட் ஹோல்டரின் உலோகக் கூடு, இண்டிகேட்டர் தண்டு, சேஸிஸ் வழியாகவோ, தனி எர்த் வயர் வழியாகவோ பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும். பெரும்பாலான பழைய வண்டிகளில் இதுதான் அமைப்பு.

இந்த வரிசை மனதில் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. நான்கு பல்பும் சேர்ந்து படுத்தினால் கோளாறு பொதுப் பாதையில் இருக்கிறது: பேட்டரி, ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச், பிளாஷர், அல்லது பிளாஷரிலிருந்து ஹேண்டில்பார் வரை வரும் வயர். ஒரு பக்கம் மட்டும் என்றால் ஹேண்டில்பார் சுவிட்சின் அந்தப் பக்கத் தொடர்பிலோ அதற்கு அப்பாலோ. ஒரே ஒரு பல்ப் என்றால் அந்தப் பல்ப், அதன் ஹோல்டர், அதன் வயர், அதன் எர்த், அவ்வளவுதான்.

பிளாஷரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பழைய வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் இரண்டு கால் கொண்டது. கரண்ட் உள்ளே வரும் காலில் ‘பி’ என்றும், வெளியே போகும் காலில் ‘எல்’ என்றும் எழுதியிருக்கும். ஐரோப்பிய வண்டிகளில் இதே கால்களுக்கு 49, 49ஏ என்று எண் போட்டிருப்பார்கள். 31 என்று இருந்தால் அது எர்த். வெப்பத்தால் இயங்கும் வகையில், உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய தகடு ஒன்று இருக்கும். கரண்ட் பாயப் பாயச் சூடேறி வளையும், தொடர்பு மாறும், ஆறியதும் பழைய நிலைக்கு வரும். அதாவது அது மின்னுவதே பல்புகள் இழுக்கும் கரண்டை நம்பித்தான். 12 வோல்ட் வண்டியில் 10 வாட் பல்ப் இரண்டு எரிந்தால் சுமார் 1.7 ஆம்பியர் பாயும். 21 வாட் இரண்டு என்றால் 3.5 ஆம்பியர். எங்காவது துரு ஏறி, பாயும் கரண்ட் குறைந்தால் மின்னும் வேகம் மாறும், அல்லது மின்னாமல் அப்படியே எரிந்துகொண்டு நிற்கும். பிளாஷர் நன்றாகவே இருக்கும். அதற்கு வேண்டிய கரண்ட் பாயாததுதான் விஷயம். 6 வோல்ட் வண்டிகளில் அதே வாட்டுக்கு இரண்டு மடங்கு கரண்ட் பாய வேண்டும் என்பதால் சின்னத் துருகூட அங்கே பெரிய தொந்தரவு.

முதலில் பழுதின் பழக்கத்தைக் கவனியுங்கள்

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் சில நாள் வண்டியை ஓட்டி, எப்போது படுத்துகிறது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பழுது வரும் நேரமே அது எங்கே இருக்கிறது என்று பாதி சொல்லிவிடும்.

மழையிலோ வண்டியைக் கழுவிய பிறகோ வருகிறதா? ஹோல்டரும் கனெக்டரும் முதல் சந்தேகம். ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பும்போது மட்டும் நிற்கிறதா? ஸ்டீயரிங் கழுத்தருகே வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கலாம். மேடு பள்ளத்தில் குதிக்கும்போது நின்று, அடுத்த குதிப்பில் திரும்ப வருகிறதா? பல்பின் இழை அறுந்து ஆடிக்கொண்டிருக்கலாம், எர்த் போல்ட் தளர்ந்திருக்கலாம். நெடுநேரம் ஓடிச் சூடேறிய பிறகு மட்டும் வந்தால் பிளாஷர்மேல் சந்தேகப்படலாம். பட்டியலில் அதற்கு முறை வரும் ஒரே இடம் கிட்டத்தட்ட இதுதான்.

ஐட்லிங்கில் மந்தமாகி, ஆக்சிலேட்டரைத் திருகினால் சரியாகிறது என்றால் பேட்டரியைப் பாருங்கள். பிரேக்கை அழுத்தினால் பின் இண்டிகேட்டர்கள் லேசாகக் கசிந்து எரிந்தால், அல்லது இண்டிகேட்டர் மின்னும்போது டெயில் லாம்ப்பும் கூடவே துடித்தால், பின்பக்க எர்த் கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். எர்த்துக்கு நேர்வழி கிடைக்காத கரண்ட் பக்கத்துப் பல்பின் வழியாகத் திரும்பப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது.

ஒரு பக்கம் மட்டும் படபடவென்று வேகமாக மின்னினால், அந்தப் பக்கத்தில் ஒரு பல்ப் எரியவில்லை என்று பல எலக்ட்ரானிக் பிளாஷர்கள் சொல்லும் முறை அது. வெப்ப வகையில் இதே கோளாறுக்கு மின்னாமல் நிலையாக எரிவதும், மிக மெதுவாக மின்னுவதும் சகஜம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், உங்கள் வண்டியில் எந்த வகை இருக்கிறது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

என்னென்ன வேண்டும்

ஒரு மல்டிமீட்டர், 5 அல்லது 10 வாட் பல்ப் போட்ட டெஸ்ட் லாம்ப், இரு முனையிலும் கிளிப் வைத்த நீளமான வயர் ஒன்று, அதேபோல் குட்டையாக ஒன்று. அப்புறம் கான்டாக்ட் கிளீனர், நைசான உப்புத்தாள், பழைய பல் தேய்க்கும் பிரஷ், நல்ல பல்ப் ஒன்று. 12 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட் பல்ப், 6 வோல்ட்டுக்கு 6 வோல்ட்.

மீட்டர் இருக்கும்போது டெஸ்ட் லாம்ப் எதற்கு என்று கேட்பார்கள். ஒரு கனெக்டர் உள்ளே துருவேறி, லேசாக மட்டும் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அந்த லேசான தொடர்பே அதற்குப் போதும். திரையில் 12 வோல்ட் என்று முழுசாகக் காட்டும். பல்பை இணைத்தால் எரியாது. புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான். டெஸ்ட் லாம்ப் உண்மையான கரண்டை இழுப்பதால் இந்த ஏமாற்று அதனிடம் செல்லாது. எனக்கு இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் டெஸ்ட் லாம்பைத்தான் எடுப்பேன்.

வயர் நிறங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹோண்டா வண்டிகளில் பொதுவாக ஆரஞ்சு இடப்பக்கம், வெளிர்நீலம் வலப்பக்கம், சாம்பல் நிறம் பிளாஷரிலிருந்து வருவது, பச்சை எர்த். யமஹாவில் அடர்பழுப்பு இடம், அடர்பச்சை வலம், கருப்பு எர்த். ஒன்றில் எர்த்தாக இருக்கும் பச்சை இன்னொன்றில் கரண்ட் போகும் வயர். ஒரு வண்டியில் கற்ற நிறத்தை வைத்து இன்னொரு வண்டியில் கை வைக்காதீர்கள். உங்கள் மாடலின் வயரிங் படத்தைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். அதில் கீழே சொல்லும் சோதனைகளில் பாசிட்டிவையும் நெகட்டிவையும் இடம் மாற்றிப் படியுங்கள்.

பேட்டரி

இன்ஜினை அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால் நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும். 12.2 என்றால் சார்ஜ் பாதிதான் இருக்கிறது. இன்ஜினை ஓடவிட்டு நடுத்தர வேகத்தில் அளந்தால் சுமார் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். வரவில்லை என்றால் முதலில் சார்ஜிங்கைச் சரிசெய்யுங்கள். அதை விட்டுவிட்டு இண்டிகேட்டரைத் தேடுவது வீண். பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, சுத்தம் செய்து, நெகட்டிவைக் கடைசியாக மாட்டி இறுக்குங்கள்.

பல்பும் ஹோல்டரும்

கண்ணாடி மூடியைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்கள் பழசாகிப் பிடித்திருந்தால் முறுக்கி உடைக்காமல், துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஊறவையுங்கள். பல்பை மெல்ல அழுத்தி, இடப்பக்கமாகத் திருப்பி வெளியே எடுங்கள். இழை முழுசாகத் தெரிந்தால் மட்டும் போதாது. பல்பை விரலால் லேசாகச் சுண்டிப் பாருங்கள். ஒரு முனையில் அறுந்த இழை ஆடும். அது தற்செயலாகத் தூணைத் தொடும்போது எரியும், குலுங்கினால் விலகும்.

இப்போது பல்பைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பகுதியை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் ஈயப் பொட்டு ஒன்று இருக்கும். ஹோல்டரின் பித்தளை முனை வருடக்கணக்கில் அழுத்தி அழுத்தி அந்தப் பொட்டு குழிந்து, குழியைச் சுற்றிக் கருப்பாகத் தீய்ந்திருக்கும். ஹோல்டருக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் பச்சைக் களிம்பு. களிம்புக்குக் கீழே இருக்கும் சின்ன ஸ்பிரிங் துருவேறி, பாதி இறங்கிய நிலையிலேயே நின்றுவிட்டிருக்கும். விரலால் அழுத்தினால் திரும்ப மேலே வராது. வண்டி நிற்கும்போது ஈயமும் பித்தளையும் தொட்டுக்கொண்டிருக்கும். ஓடும்போது ஸ்பிரிங் தள்ளிக்கொடுக்காததால் ஒவ்வொரு அதிர்வுக்கும் விட்டு விட்டுச் சேரும். பழைய வண்டியில் நீங்கள் தேடுவது இங்கேயே கிடைத்துவிட வாய்ப்பு அதிகம்.

சாவியை அணைத்துவிட்டு, ஹோல்டரின் உட்சுவரையும் முனையையும் உப்புத்தாளைச் சுருட்டித் தேயுங்கள், கான்டாக்ட் கிளீனரை அடித்து பிரஷால் துலக்குங்கள். ஈயப் பொட்டை லேசாகத் தேய்த்து மட்டமாக்குங்கள். ஸ்பிரிங் உயிரிழந்திருந்தால் ஹோல்டரையே மாற்றுவதுதான் நல்லது. இழுத்து நீட்டிய ஸ்பிரிங் நெடுநாள் தாங்காது. சுத்தம் செய்தபின் மின்தொடர்புக்கான சிலிகான் கிரீஸ் ஒரு துளி தடவினால் ஈரம் அண்டாது. பல்பைத் திரும்பப் போடும்போது அதில் பொறித்திருக்கும் வாட்டையும் படியுங்கள். ஒரு பக்கம் 10, மறுபக்கம் 21 என்று யாரோ கலந்து போட்டிருப்பதுண்டு. இரு பக்கமும் வேறுவேறு வேகத்தில் மின்ன அதுவே காரணம் ஆகிவிடும்.

எர்த்

பாசிட்டிவ் பக்கத்தை எல்லோரும் தேடுவார்கள். எர்த்தை யாரும் பார்க்க மாட்டார்கள். நான் இங்கே அதிக நேரம் செலவிடச் சொல்வேன்.

பல பழைய வண்டிகளில் இண்டிகேட்டருக்கு வரும் வயர் ஒன்றுதான். திரும்பும் பாதை, குரோம் பூசிய தண்டு, அதன் நட்டு, மட்கார்டு, மட்கார்டைச் சேஸிஸோடு பிணைக்கும் போல்ட். இதில் ஒவ்வொரு சந்திப்பிலும் துரு ஏறலாம், பெயிண்ட் மறைக்கலாம், நட்டு தளரலாம். வண்டிக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்த பிறகு இண்டிகேட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது என்றால் யோசிக்கவே வேண்டாம்: நட்டுக்கு அடியில் பெயிண்ட் இருக்கிறது. அதிர்வைத் தாங்க ரப்பரில் பொருத்திய இண்டிகேட்டர்களுக்கு ரப்பர் வழியாக எர்த் வராது என்பதால் தனி வயர் இருக்கும். அது அறுந்தோ, மாட்டாமலோ தொங்கும்.

சோதனை எளிது. இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, நீளமான வயரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டுங்கள். மறுமுனையை ஹோல்டரின் உலோகக் கூட்டில் தொடுங்கள். நடுவில் இருக்கும் முனையைத் தொட்டுவிடாதீர்கள். அது நேரடி ஷார்ட் ஆகி ஃபியூஸ் போய்விடும். கூட்டைத் தொட்டவுடன் பல்ப் பளிச்சென்று ஆகிறதா, மின்னும் வேகம் சீராகிறதா? எர்த்தான் கோளாறு. எந்த மாற்றமும் இல்லை என்றால் எர்த் நன்றாக இருக்கிறது, அடுத்ததைப் பார்க்கலாம்.

சரிசெய்ய, தண்டின் நட்டைக் கழற்றி, உலோகம் பளபளவென்று தெரியும்வரை தேய்த்து, பல் விளிம்புள்ள வாஷர் போட்டு இறுக்குங்கள். என்னைக் கேட்டால், ஒவ்வொரு இண்டிகேட்டருக்கும் தனி எர்த் வயர் ஒன்றை இழுத்துச் சேஸிஸில் ஒரே நல்ல போல்ட்டில் சேர்த்துவிடுவதே நிலையான தீர்வு. குரோமையும் துருவையும் நம்பிக் காலம் தள்ள வேண்டியதில்லை.

பிளாஷரைத் தாண்டி ஒரு தந்திரம்

இதுவரை எதுவும் சிக்கவில்லை என்றால், தேடலைச் சுலபமாக்கும் ஒரு வழி இருக்கிறது. மின்னிக்கொண்டிருக்கும் விளக்கில் தொடர்பு விட்டுப்போவதைக் கண்ணால் பிடிக்க முடியாது. பிளாஷர் அணைத்ததா, லூஸ் கான்டாக்ட் அணைத்ததா என்று தெரியாது. அதனால் மின்னுவதையே நிறுத்திவிடுங்கள். பிளாஷரைக் கழற்றி, அதன் கனெக்டரில் ‘பி’ வயரையும் ‘எல்’ வயரையும் குட்டை வயரால் இணைத்துவிடுங்கள். மூன்று கால் பிளாஷராக இருந்தால் எர்த் காலை எதனோடும் சேர்க்காதீர்கள். இப்போது சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் நிலையாக எரியும்.

வெளிச்சம் குறைவான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு பக்கத்தை எரியவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அசையுங்கள். இன்னொருவர் உடன் இருந்தால் நல்லது. நீங்கள் பின்னால் அசைக்கும்போது அவர் முன் விளக்கைப் பார்ப்பார். டெயில் லாம்ப்பிலிருந்து ஆரம்பித்து இண்டிகேட்டர் தண்டு, மட்கார்டுக்கு அடியில் போகும் வயர், சீட்டுக்கு அடியிலுள்ள கனெக்டர்கள், டேங்க்குக்கு அடியில் போகும் கட்டு, ஹெட்லைட் டூமுக்குள் இருக்கும் குண்டூசி முனைக் கனெக்டர்கள் என்று முன்னேறி வாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அசைக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து உலுக்கினால் விளக்கு சிமிட்டும், எதனால் என்று தெரியாது. ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். ஹேண்டில்பார் சுவிட்சையும் சாவி போடும் இடத்தையும் விரல் முட்டியால் தட்டுங்கள். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு அதிர்விலும் பாருங்கள். மழையில் மட்டும் வரும் பழுதுக்கு, தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் ஒவ்வொரு கனெக்டராக நனைத்துப் பார்க்கலாம்.

எங்கே விளக்கு ஒரு கணம் மங்கினாலும் அங்கேயே நில்லுங்கள். திரும்ப அசையுங்கள். அதே இடத்தில் திரும்பத் திரும்ப மங்கினால் பழுதைப் பிடித்துவிட்டீர்கள்.

இதே நிலையில் மீட்டரையும் பயன்படுத்தலாம். வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் கருப்பு முனையைப் பிளாஷருக்கு வரும் ‘பி’ வயரிலும் வையுங்கள். வருவது அந்தப் பாதையில் தொலைந்துபோகும் வோல்ட். 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் ஃபியூஸ் ஹோல்டர், இக்னிஷன் சுவிட்ச், நடுவிலுள்ள கனெக்டர் என்று ஒவ்வொன்றாகக் குறுக்கி வாருங்கள். அப்படியே ஹோல்டர் கூட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் அளந்தால் 0.2 வோல்ட்டுக்குமேல் வரக்கூடாது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது அளந்தால்தான் இந்த எண்களுக்கு அர்த்தம் உண்டு. அதற்காக 21 வாட் பல்பை மூடியோடு நெடுநேரம் எரியவிடாதீர்கள். பிளாஸ்டிக் சூடாகிவிடும், பேட்டரியும் இறங்கிவிடும்.

கண்ணாடி ஃபியூஸ் உள்ள வண்டிகளில் அதன் மூடிகளைக் கிள்ளித் திருப்பிப் பாருங்கள். உள்ளே கம்பி முழுசாகத் தெரிந்தாலும் மூடிக்குள் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கலாம். பிடிக்கும் கிளிப் தளர்ந்திருந்தால் சாவியை அணைத்துவிட்டு இடுக்கியால் லேசாக நெருக்குங்கள்.

ஹேண்டில்பார் சுவிட்ச்

அசைக்கும் சோதனையில் சுவிட்ச்தான் என்று தெரிந்தால், அல்லது சுவிட்சை ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் பிடித்தால்தான் எரிகிறது என்றால், திறக்க வேண்டியதுதான். முதலில் திறக்காமலே ஒரு முயற்சி செய்யுங்கள்: கான்டாக்ட் கிளீனரைச் சந்துகளில் தாராளமாக அடித்து, சுவிட்சை இடம் வலமாகப் பல முறை தள்ளுங்கள். பாதிச் சுவிட்சுகள் இதற்கே வழிக்கு வந்துவிடும்.

வரவில்லை என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சுவிட்சின் இரு பாதிகளையும் பிரியுங்கள். உள்ளே நகரும் தகடு ஒன்று, அதைப் பிடித்து நிறுத்த ஒரு குட்டி ஸ்பிரிங், ஸ்பிரிங் முனையில் ஒரு இரும்புக் குண்டு. கழற்றும்போது குண்டு தெறித்து ஓடும், திரும்பக் கிடைக்காது. ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு வேலை செய்தால் தெறித்தாலும் பைக்குள்தான் கிடக்கும். பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே பழைய கிரீஸ் மஞ்சளாகக் கெட்டிப்பட்டிருக்கும். செப்புப் பொட்டுகளின்மேல் அது படிந்துதான் தொடர்பு போகிறது. பழைய கிரீஸை முழுசாகத் துடைத்து, பொட்டுகளை மிக நைசான உப்புத்தாளால் பளபளப்பாக்கி, புது கிரீஸை மிகக் கொஞ்சமாக, தகடு நகரும் வழியில் தடவுங்கள். வயர் ஈயப்பற்று விட்டிருந்தால் திரும்பப் பற்றவைக்கும்போது நேரம் கடத்தாதீர்கள். சூடு அதிகமானால் பொட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் உருகி, பொட்டு உள்ளே இறங்கிவிடும்.

உள்ளுக்குள் அறுந்த வயர்

ஸ்டீயரிங் கழுத்தருகே வயர் ஆயிரக்கணக்கான முறை மடங்கி மடங்கிச் செம்பு அறுந்துபோகும். மேல் உறை அப்படியே இருக்கும். சந்தேகப்படும் வயரை இரு கையாலும் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். உள்ளே செம்பு இல்லாத இடம் ரப்பர் போல நீளும். அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, சில அங்குலம் அதிகமாக வைத்துப் புது வயரைச் சேருங்கள்.

முறுக்கி டேப் சுற்றும் இணைப்பு வேண்டாம். இன்னொரு லூஸ் கான்டாக்ட்டை நீங்களே வைத்த மாதிரி ஆகிவிடும். இடுக்கியால் நசுக்கிப் பிடிக்கவைக்கும் நல்ல கிரிம்ப் கனெக்டரோ, ஈயப்பற்று வைத்துச் சூட்டில் சுருங்கும் குழாய் போட்ட இணைப்போ வேண்டும். ஈயம் ஏறிய இடம் விறைத்துவிடும், மடங்கும் இடத்தில் இருந்தால் அதன் ஓரத்திலேயே திரும்ப அறும். ஆகவே இணைப்பைக் கழுத்துக்கு அப்பால், அசையாத இடத்தில் வையுங்கள்.

டாஷ்போர்டு விளக்கு மட்டும் படுத்தினால்

இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பச்சை விளக்கு இருக்கும் வண்டிகளில், அது பெரும்பாலும் இடப்பக்க வயருக்கும் வலப்பக்க வயருக்கும் நடுவில் மாட்டப்பட்டிருக்கும். இடப்பக்கம் போட்டால், அந்தச் சின்ன விளக்கு தனக்கு எர்த்தை வலப்பக்கப் பல்புகள் வழியாக எடுத்துக்கொள்ளும். எனவே இடப்பக்கம் மின்னுகிறது, டாஷ்போர்டு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் வலப்பக்கப் பல்புகளையும் எர்த்தையும் பாருங்கள்.

எல்இடி பல்ப் மாற்றிய வண்டிகளில் இதே அமைப்பால்தான் நான்கும் ஒன்றாக மின்னும். எல்இடிக்கு அந்தச் சிறு கரண்டே எரியப் போதும். டாஷ்போர்டு விளக்கின் இரு வயர்களையும் ஆளுக்கொரு டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வழியாக ஒரு முனையில் சேர்த்து, மறுமுனையை எர்த்துக்குக் கொடுத்தால் சரியாகிவிடும். 1என்4007 டயோடு தாராளம். எல்இடி போட்டதால் வேகமாக மின்னினால், சூடேறும் ரெசிஸ்டர்களைச் சேர்ப்பதைவிட எல்இடிக்கென்று உள்ள எலக்ட்ரானிக் பிளாஷரைப் போடுவதே மேல்.

கடைசியில் பிளாஷர்

மேலே சொன்ன எல்லாம் சுத்தம், பேட்டரியும் சரி. குட்டை வயர் போட்டால் விளக்குகள் எவ்வளவு அசைத்தாலும் ஆடாமல் எரிகின்றன. பிளாஷரைத் திரும்ப மாட்டினால் மட்டும் படுத்துகிறது. இப்போதுதான் பிளாஷர்மேல் பழி போடலாம். சூட்டில் மட்டும் வரும் பழுது என்றால், தலைமுடி உலர்த்தும் கருவியால் பிளாஷரை மிதமாகச் சூடேற்றிப் பாருங்கள். எலக்ட்ரானிக் வகையில் உள்ளே ஈயப்பற்று விட்டிருந்தால் சூட்டில் காட்டிக்கொடுக்கும். புதியது வாங்கும்போது வோல்ட், மொத்த வாட், கால்களின் எண்ணிக்கை மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். கால்களின் வரிசை மாறியிருக்கலாம் என்பதால் எழுத்தைப் படித்து மாட்டுங்கள். பழையது ரப்பர் உறையில் தொங்கியிருந்தால் புதியதையும் அதிலேயே தொங்கவிடுங்கள். அதிர்விலிருந்து காக்கத்தான் அந்த உறை.

வேலை முடிந்ததும் பழுது வரும் சூழ்நிலையை நீங்களாகவே உண்டாக்கிப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஐட்லிங்கில், ஹெட்லைட் எரிய, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொரு பக்கமும் சில நிமிடம் மின்னவிடுங்கள். ஹேண்டில்பாரை இரு முனைக்கும் திருப்புங்கள். எழுதிவைத்த தாளில் மழை என்று இருந்தால் தண்ணீர் தெளியுங்கள், சூடு என்று இருந்தால் நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஐ.நா. வாகன விதிமுறைகள் வைத்திருக்கும் வரம்பு நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்னுவது. கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடம் எண்ணுங்கள்: இரு பக்கமும் 30க்குக் குறையாமலும் 60ஐத் தாண்டாமலும், கிட்டத்தட்ட ஒரே வேகத்திலும் வந்தால் மூடிகளைப் பூட்டி ஸ்க்ரூவை முறுக்கலாம்.